என் அறைக்கு மட்டும் நல்ல காற்று

என் மனைவியின் அண்ணன் மாற்றலாகி இந்த ஊருக்கு வருகிறார், வாடகை வீடு கிடைக்கும்வரை நம்மோடுதான் இருப்பார் என்று அவள் அறிவித்த அன்றே, வீட்டுக்கு நல்ல காற்று வர வழி செய்வது என்று நான் முடிவெடுத்தேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

மச்சான் தங்கமான மனிதர். தங்கத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கொள்கை. போன தடவை 'ரெண்டே நாள்' என்று வந்தவர், பள்ளி விடுமுறை முழுக்க இருந்து என் சாய்வு நாற்காலியைத் தன் முதுகுக்குப் பழக்கிவிட்டுத்தான் போனார்.

எங்கள் வீடு சாலையோரம். ஜன்னலைத் திறந்தால் பஸ் கிளப்பும் புழுதி, மூடினால் அடுப்பு நெடி. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளும் மிஷின் ஒன்று வைக்கச் சொல்லி என் மனைவி வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் வருஷக்கணக்கில் காதில் வாங்காமல் இருந்தேன். இப்போது நானே ஆளைக் கூட்டி வந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

வந்த ஃபிட்டர் திட்டத்தை விளக்கினார். பரணில் மிஷின். நடைவழிப் பொய்க்கூரைக்கு மேலே, காற்று போக டக்ட். அதிலிருந்து அறைக்கு அறை குழாய், குழாயின் வாயில் ஒரு வெள்ளை கிரில். சில கிரில் நல்ல காற்றை விடும், சில உள்காற்றை உறிஞ்சும். உறிஞ்சுவதைச் சமையலறையில் வைப்போம் என்றார். வேண்டாம், பின்னறையில் வையுங்கள் என்றேன். மச்சானுக்கு ஒதுக்கியிருந்தது பின்னறை.

"சார், அப்ப சமையல் புகை மொத்தமும் அந்த ரூமுக்குள்ள போய்த்தான் வெளிய போகும்."

"போகட்டும்."

"அங்க யாரு படுக்கப்போறா?"

"விருந்தாளி."

ஃபிட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் மச்சான் இருந்திருக்க வேண்டும். ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு நடந்தார்.

பின்னறையை ஒட்டிய என் அறைக்கு, நல்ல காற்று விடுவதில் இருப்பதிலேயே பெரிய கிரில்லாகப் போடச் சொன்னேன். பெரிய அறையில் மனைவியும் எங்கள் இரண்டு பெண்களும். எனக்கென்று இந்த வீட்டில் இருப்பது இந்த ஒரு அறைதான். மச்சான் தங்கினால் அதுவும் அரட்டைக் கச்சேரிக்குப் போய்விடும். பின்னறையில் ஒரு வாரம் வறுவல் நெடியில் படுத்தால் மனுஷன் தானாக வீடு தேடுவார். யார் மனமும் புண்படாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வேலை முடிந்த அன்று ஃபிட்டருக்கு டீ கொடுத்துக்கொண்டே, இது எதுக்கு, அது எதுக்கு என்று என் மனைவி ஒவ்வொரு கிரில்லாக விசாரித்தாள். எல்லாம் சார் சொன்னபடிதான் என்று அவரும் விவரமாகச் சொன்னார். "நல்லா யோசிச்சிருக்காரு" என்றாள். பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

மச்சான் வந்தார். பெட்டியோடு பின்னறைப் பக்கம் திரும்பியவரை என் மனைவி நிறுத்தினாள்.

"அங்க இல்லண்ணா, இந்த ரூமு. நல்ல காத்து இங்கதான் வருது. உங்க மாப்பிள்ளை பாத்துப் பாத்துப் போட்டது."

"எனக்காகவா மாப்பிள்ளை?"

மச்சான் கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்த கையை உதறிவிட்டு 'அது என் அறை' என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வரவில்லை. பின்னறைக்குப் போனேன்.

என் மனைவி தினமும் எதையாவது வறுத்தாள். மிளகாய் வறுத்த நாளில் நான் தும்மிய தும்மலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஆபீசில் அடுத்த மேஜைக்காரர் என் சட்டையை வைத்தே எங்கள் வீட்டுச் சமையலைச் சொன்னார். மச்சானோ ஜம்மென்று தூங்கி எழுந்து, இந்தக் காற்றை விட்டுவிட்டு எவன் வீடு தேடுவான் என்றார்.

இனிப் பொறுப்பதற்கில்லை. அண்ணனும் தங்கையும் கடைக்குப் போன நேரம் பார்த்து ஃபிட்டரைக் கூப்பிட்டேன். பொய்க்கூரைக்குள் இரண்டு குழாயையும் மாற்றிச் செருகினால் போதும். என் அறை உறிஞ்சும், பின்னறைக்கு நல்ல காற்று வரும். கிரில்லைத் தொடவே வேண்டாம், வெளியே ஒன்றும் தெரியாது. "வேணாம் சார்" என்றார் ஃபிட்டர், ஏணியிலிருந்தே. நான் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் பின்னறைக் கட்டிலில் போய் மல்லாந்தேன். முகத்தில் சிலுசிலுவென்று காற்று. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஃபிட்டர் ஏணியை மடக்குவதற்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள். என் மனைவி ஏணியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். இப்போது நல்ல காற்று எந்த அறைக்கு வருகிறது என்று ஃபிட்டரைத்தான் கேட்டாள். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அண்ணனின் பெட்டியையும் தலையணையையும் அவளே தூக்கி வந்து என் காலடியில் வைத்தாள். கடையில் வாங்கிய மிளகாய்ப் பையோடு சமையலறைக்குத் திரும்பினாள்.

"எழுந்திரிங்க. அண்ணன் இங்க படுத்துக்கட்டும். இனிமே உங்க ரூமு உங்களுக்குத்தான்."