லேசர் படித்த சாவகாசம்

ஊவா மாகாணத்தில் அவரைவிட மெதுவான மனிதரைக் காட்டுங்கள், என் பைக்கை எழுதித் தந்துவிடுகிறேன். பதுளை டவுனில் நானும் அவரும் ஒரே போர்டிங் அறையில் இருந்தோம். அவருக்கு நான் வைத்த பெயர் சாவகாசம். "ஹாலிஎலயில இறங்குறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டதற்கு அவர் "ஆமாங்க" என்றபோது, பஸ் அதற்கடுத்த ஊரான தெமோதரையையே தாண்டியிருந்தது.

அப்பேர்ப்பட்டவர் ஆராய்ந்ததோ உலகிலேயே அவசரமான சமாசாரம். ஒரு விநாடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி பத்துக் கோடியாகப் பிரிக்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் லேசர் உலோகத்தைத் தட்டுகிறதாம், காந்தம் ஒடுங்கிவிடுகிறதாம்.

"காலையில பெரட்டுக்களத்துல ஆளெல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிக்கிறாங்கல்ல, அதுதான் காந்தம்," என்றார். நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்; வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையாக நிற்கிற இடம்தான் பெரட்டுக்களம். "லேசர் பட்டா வரிசை கலைஞ்சிரும். சில கலப்பு உலோகத்துல மொத்தப் பேரும் எதிர்ப்பக்கம் திரும்பிருவாங்க."

"யாருங்க வெரட்டுறது?"

மறுநாள் பல் துலக்கும்போது பதில் வந்தது. "சூடு."

வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று கம்ப்யூட்டர் வழியாக அவரை நேர்முகம் கண்டது. இரண்டு இடங்கள் ஏற்கெனவே கைநழுவியிருந்தன, இதுதான் கடைசி. "சட்டுன்னு பதில் சொல்லுங்க" என்று கெஞ்சிவிட்டு, திரையில் தெரியாத மூலையில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு உட்கார்ந்தேன்.

காந்தத்துக்குள் எலெக்ட்ரான்கள் சுழல்கின்றனவாம், காந்தம் கலைந்தால் அந்தச் சுழற்சி எங்கே போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். சாவகாசம் யோசிக்க ஆரம்பித்தார். இமைகூட அசையவில்லை. தகரக்கூரையில் மழை கொட்டியது.

"படம் உறைந்துவிட்டது. லைன் போய்விட்டது போல," என்றது ஒரு குரல். "அடுத்தவரைக் கூப்பிடலாம்."

அவருக்கு அது காதில் விழவேயில்லை. தட்டினால் யோசனை கலையும். தட்டாவிட்டால் வேலை போகும். சட்டையில்லாத உடம்போடு, பிளேன்டீ கிளாசை ஏந்திக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தேன். திரையில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது கேமராவைப் பார்த்துக் கையாட்டினேன்.

"பொறுங்கள். பின்னால் ஒருவர் நடக்கிறார்."

அந்தக் கணம் சாவகாசம் வாய் திறந்தார். அந்தச் சுழற்சி அணுக்களின் அடுக்குக்குள் இறங்குகிறது, அணுக்களே சுழலத் தொடங்குகின்றன என்று நிறுத்தாமல் விளக்கினார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏங்க சட்டை போடல?"

இடம் கிடைத்தது, போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவார். "சாப்டீங்களா?" என்பேன். திரையில் அவர் அசையாமல் இருப்பார். லைன் போயிற்றா, யோசிக்கிறாரா என்று தெரியாது. எதிர்க் கட்டில் காலியாகக் கிடக்கிற இந்த அறையில், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். நானாக ஒருநாளும் துண்டித்ததில்லை.