கிராம்புத் தைலம் தடவிய முறுக்கு

அரைகுறையாகப் படித்தவர்களைப் பரீட்சை எழுத விடலாம். சமையலறைக்குள் விடக் கூடாது. அந்த அரைகுறை நான்தான்.

அப்போது திருப்பதியில் உணவுத் தொழில்நுட்பம் இரண்டாம் வருடம். சித்தூர் வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, அம்மா வைத்த முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு, "இது எந்தப் பண்டிகைக்குச் சுட்டதும்மா?" என்று கேட்டுவிட்டார். பழைய எண்ணெயின் காறல் வாடை. அவர்கள் போனதும் அம்மா அழுதாள்.

ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து டின் முறுக்கு சுட்டபோது குடும்ப மானத்தை என் கையில் எடுத்துக்கொண்டேன். (யாரும் கொடுக்கவில்லை.) முதலில் நைனாவுக்கு வகுப்பு நடந்தது.

"கொழுப்பு காத்தோட சேர்ந்தா கெடும் நைனா. ஒண்ணு கெட்டா பக்கத்துல கீறதையும் கெடுக்கும், கல்யாண வீட்டுல வதந்தி பரவுற மாதிரி. ஆன்டிஆக்ஸிடன்ட் அந்த வதந்திய காதுல வாங்கிக்கினு யார்கிட்டயும் சொல்லாம கம்முனு இருந்துடும். காறல் சீக்கிரம் வராது."

"அப்படி ஒரு ஆளு நம்ம சொந்தத்துல இல்லியேம்மா," என்றார் நைனா.

கிராம்பில் அது நிறைய இருக்கிறது. ஒரு துளித் தைலம் போதும் என்றது புத்தகம். ஒரு துளியே அவ்வளவு செய்தால் ஒரு புட்டி எவ்வளவு செய்யும்! அம்மா புடவை எடுக்கப் போன நேரத்தில், ஆறிய முறுக்குகளின் மேல் பஞ்சால் தொட்டுத் தொட்டுத் தடவி, டின்களை இறுக மூடினேன். ருசி பார்க்கவில்லை. (அது அடுத்த வருடப் பாடம்.)

திருப்பதி மண்டபத்தில் காபியோடு முறுக்கு வந்தது. பெரியப்பா மோந்து பார்த்தார். "கிராம்பு வாசன. இந்தவாட்டி நல்லா கீது!" என்று மூன்று தின்றார். அம்மா முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஒரு சிரிப்பு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு அவர் லக்னப் பத்திரிகையை விரித்து, தொண்டையைச் செருமி வாசித்தார்.

"திதஞ்தீவி... முதளி..."

மாப்பிள்ளை முரளி திடுக்கிட்டார். பெரியப்பா நாக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாக்கு எங்க? நாக்கு எங்க?" என்று கேட்க நினைத்தார் போலிருக்கிறது; எங்களுக்கு "நாத்து எந்த?" என்றுதான் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் வாங்கி வாசித்தார். அவரும் முறுக்கு தின்றவர். முதளியேதான்.

நைனா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து, "கிராம்புத் தைலம்... ஒரு புட்டி. அதான் நாக்கு மரத்துப்போச்சு," என்றேன். அக்காவின் கல்யாணத்தைக் கொன்றுவிட்டேன் என்று அழுகை முட்டியது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அதானா! மூணு நாளா கடவாப்பல் வலி. நல்ல காரியமாச்சேன்னு வெளிய சொல்லல. இப்ப வலியே இல்ல! இன்னும் ரெண்டு குடும்மே," என்றார். முதலில் சிரித்தது அக்கா. அடுத்து முதளி. கடைசியில் பெரியப்பாவும் வாய் ஒரு பக்கம் கோணியபடி சிரித்தார். நாக்குத் திரும்பும்வரை காத்திருந்து பத்திரிகை வாசித்தார்கள்.

மிஞ்சிய ஒரு டின்னை இரண்டு மாதம் கழித்துத் திறந்தோம். துளிக் காறல் இல்லை. என்னைப் பாராட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். அளந்துதான் எதையும் சேர்க்கிறேன். ஆனால் அக்கா வீட்டில் நான் இன்றைக்கும் பல் டாக்டர். போன வாரம் முரளி மாமா போன் செய்தார்: "அம்மாவுக்குப் பல் வலி. ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வரமாட்டேங்கறாங்க. சின்னவள முறுக்கு சுடச் சொல்றாங்க."