பருந்துக்கூடும் முதுகுவலியும்

பருந்துக் குஞ்சு கூட்டின் விளிம்புக்கு வந்து சிறகை விரித்துப் பார்த்த நேரத்தில்தான் ஜானட் மூச்சிரைக்க மாடியேறி வந்து, மானேஜர் ராமசுப்பு கீழே நிற்பதாகச் சொன்னாள். கையில் ஆப்பிள் பையாம்.

பருந்து மிரளாதபடி கட்டிய நீலத் தார்ப்பாய்க்குள் கேமராவோடு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பிராங்கிளினுக்குக் குப்பென்று வியர்த்தது. முதுகு பிடித்துக்கொண்டது, எழுந்து நிற்கவே முடியவில்லை என்று சொல்லி கன்டெய்னர் யார்டில் லீவு வாங்கியிருந்தான். இன்னொரு பொய் லீவு பிடிபட்டால் அத்திப்பட்டு நிலக்கரி யார்டுக்கு மாற்றல் என்று ராமசுப்பு முன்பே எச்சரித்திருந்தார். ஆனால் திருவொற்றியூரில் எதிரே நிற்கும் பாழடைந்த தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் பருந்து கட்டிய கூடு முழுசாகத் தெரிவது அவன் மொட்டைமாடியிலிருந்து மட்டும்தான். குஞ்சு அவன் லீவுக்காகக் காத்திருக்குமா?

"ஆசுபத்திரிக்குப் போயிருக்கார்னு சொல்லு."

"தவக்காலம்ங்க. இந்த வருசம் கறியோட பொய்யையும் விட்டுட்டேன்னு ஃபாதர்கிட்ட சொல்லிகீறேன்."

"சரி, அவர்கிட்ட இன்னா சொன்ன?"

"மாடியில கீறார்னேன். முதுகு எப்டி கீதுன்னு கேட்டாரு. அதுவும் மாடியிலதான் கீதுன்னேன்."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பிராங்கிளின் வெளியே பாய்ந்து தரையில் குப்புற விழுந்தான்.

ராமசுப்பு வந்தார். வேலை நாளில் டீ-சர்ட்டும் தொப்பியும். ஏசி அறையை விட்டு இறங்காத மனிதருக்கு மூக்கு மட்டும் ஏனோ வெயிலில் தோல் உரிந்திருந்தது. சூடான தரையில் குப்புறப் படுக்கும்படி டாக்டர் சொன்னதாகப் பிராங்கிளின் முனகினான். அவர் ஆப்பிள் பையை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

கேமரா யாருடையது என்று கேட்டார். மச்சான் பென்னியுடையது, டீ குடிக்கப் போயிருக்கிறான் என்றான் பிராங்கிளின்.

"பென்னி எப்பம்மா வருவார்?" என்று அவர் ஜானட்டைக் கேட்டார்.

பென்னி துபாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஜானட் புருஷனைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கிறிஸ்துமசுக்கு வருவான் சார்."

பிராங்கிளின் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நிலக்கரித் தூசி இப்போதே மூக்கில் ஏறுவது போலிருந்தது. ஆனால் திட்டு எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் தார்ப்பாய்க்கு வெளியே மானேஜரின் செருப்பு மட்டும் கிடந்தது.

"பொட்டைப் பருந்து வந்துட்டு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஆணைவிடப் பெரிசா இருக்கு பாத்தியா?"

"எங்க சார் பாக்கறது, முதுகு."

பங்குனி வெயிலில் மொட்டைமாடி தோசைக்கல்லாகியிருந்தது. பிராங்கிளின் ஒரு கன்னம் வெந்ததும் மறு கன்னத்தை வைத்தான். பொறுக்க முடியாமல், இப்போது கொஞ்சம் தேவலை என்று சொல்லி முட்டி போட்டு எழப் பார்த்தான்.

"அசையாதேய்யா. முதுகு விஷயத்துல அவசரப்படக் கூடாது," என்றார் ராமசுப்பு. கொஞ்ச நேரம் கழித்து, "நீ அசைஞ்சா பருந்தும் மிரளுது" என்றார்.

பிராங்கிளின் மறுபடி படுத்தான். ஜானட் மனமிரங்கி அவன் முதுகில் ஈரத்துண்டைப் போட்டாள். அது பொய்யில் சேருமா என்ற யோசனை வந்து உடனே எடுத்தும்விட்டாள்.

திடீரென்று தார்ப்பாய்க்குள் கேமரா படபடவென்று அடித்தது. தொட்டிப் பக்கமிருந்து கீச்சென்று ஒரு குரல். பிராங்கிளின் தலையைத் திருப்புவதற்குள் ஒரு சின்ன நிழல் அவன் மூக்குக்கு முன்னால் தரையில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"பறந்துட்டுதுய்யா," என்றார் ராமசுப்பு. "ஒண்ணு விடாம எடுத்துட்டேன்."

பிராங்கிளின் அழுதான். வலி போலிருக்கிறது என்று அவர் அவன் தோளில் தட்டினார். வெளியே வந்து செருப்பைத் தேடியவர் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டு, "ஆனா பிராங்கிளின், அந்த பென்னி விஷயம்" என்று ஆரம்பித்தார்.

அதற்குள் அவரை அங்கே கொண்டுவந்து விட்டிருந்த ஆபீஸ் டிரைவர் கமாலுதீன் வியர்த்து விறுவிறுக்க மாடிக்கு ஓடிவந்தார்.

"இன்னா சார், போனை எடுக்க மாட்டேன்றீங்க. முதுகு வலின்னு லீவு போட்டீங்கல்ல, ஹெட் ஆபீஸ் பெரியவர் ஆப்பிள் வாங்கிகினு உங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கறாரு."