கணினி மீட்புக் குழுவின் ஐந்து நாட்கள்

உலகத்தில் எத்தனையோ பேரரசுகள் சரிந்து, எழாமலே போயிருக்கின்றன. காரணம், அவற்றிடம் ஒரு குழு இல்லை. எங்கள் பிறப்புப் பதிவு அலுவலகத்தின் ஒரே கணினி சரிந்தபோது, பதினெட்டு மணி நேரத்துக்குள் நாங்கள் குழு அமைத்துவிட்டோம். அந்தச் சாதனையை எழுதி வைப்பது இரண்டாம் எழுத்தரான என் கடமை.

சரிவு திங்கட்கிழமை நடந்தது. தலைமை அலுவலகத்தின் ஆணைப்படி கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். ‘93 சதவீதம் முடிந்தது. கணினியை அணைக்க வேண்டாம்’ என்று திரை சொன்னபோது மணி ஐந்து. எங்கள் கண்காணிப்பாளர் தினமும் சரியாக ஐந்து மணிக்குத் தன் கையாலேயே மெயின் சுவிட்சை அணைப்பவர். பத்தொன்பது வருடங்களில் ஒரு நாள் தவறியதில்லை. மின் சிக்கனத்துக்காக இரண்டு கேடயங்கள் வாங்கியிருக்கிறார். அவரை நாங்கள் அன்போடு ‘அஞ்சுமணி’ என்போம், அவர் காதில் விழாமல்.

“சார், அணைக்க வேண்டாம்னு போட்டிருக்கு” என்றேன்.

“யாரு போட்டது?”

“கம்ப்யூட்டர் சார்.”

“அது என்ன எனக்கு மேலதிகாரியா? நீ ஏம்பா குறுக்கே பேசுற? உன்னைக் கேட்டேனா?”

அணைத்தார். மறுநாள் காலை கணினியைப் போட்டால் திரை முழுக்க நீலம், நடுவே நாலு வரி வெள்ளை எழுத்து. ஜனங்கள் பார்த்தால் அலுவலகத்தின் மானம் என்னாவது என்று பதறிய அஞ்சுமணி, ஒரு மேசைத் துணியால் அதை மூடச் சொன்னார். மூடினோம். பதினோரு மணிக்குக் ‘கணினி மீட்புக் குழு’ பிறந்தது. தலைவர் அவர், உறுப்பினர் ஸ்டோர் கீப்பர், செயலாளர் நான்.

அன்றைக்கே ஒரு நர்ஸம்மா வந்தார். மூன்று வருடமாகத் தற்காலிக வேலையில் இருப்பவர். ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக்கப் போகிறார்கள், புது மாதிரி பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்கவேண்டும்.

“கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க சார். இதை விட்டா அடுத்து எப்பன்னு தெரியாது” என்றார்.

“நீங்க பிறந்தது உண்மைதானேம்மா?” என்று அஞ்சுமணி கேட்டார்.

“ஆமா சார்.”

“அப்ப ஏன் பயப்படுறீங்க? உக்காருங்க.”

உட்கார்ந்தார். புதன்கிழமையும் வந்து உட்கார்ந்தார். குழுவின் இரண்டாம் கூட்டம் அவர் கண்ணெதிரேதான் நடந்தது. மெக்கானிக்கை அழைக்கலாம் என்று ஸ்டோர் கீப்பர் ஒரு புரட்சிகரமான யோசனையை முன்வைத்தார். ஒருமனதாக ஏற்றோம். ஆனால் எங்களுடையது ‘காகிதமில்லா அலுவலகம்’. மெக்கானிக்கை அழைக்கும் கடிதத்தைக் கணினியில்தான் அடிக்கவேண்டும்.

“எந்தக் கம்ப்யூட்டர்ல?” என்று ஸ்டோர் கீப்பர் கேட்டார்.

“நம்ம கம்ப்யூட்டர்லதான்.”

“அது ரிப்பேர் ஆச்சே சார்.”

“ரிப்பேர் பாத்ததும் அடிச்சிடலாம்” என்று தலைவர் முடித்துவைத்தார். இவ்வளவு சிக்கலான பிரச்சினைக்கு இவ்வளவு சுருக்கமான தீர்வை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மூன்றாம் கூட்டம். துணியைத் துவைக்கலாமா கூடாதா என்று விவாதம் சூடு பிடித்திருந்தது. நர்ஸம்மா எழுந்து வந்தார். ஒரு கையால் துணியைத் தூக்கினார். நோயாளியின் சீட்டைப் படிப்பதுபோல் நிதானமாக, வாய்விட்டுப் படித்தார்.

“‘புதுப்பித்தல் முழுமை பெறவில்லை. உங்கள் கோப்புகள் பத்திரமாக உள்ளன. பழைய நிலைக்குத் திரும்ப என்டர் பொத்தானை அழுத்தவும்.’ ஏன் சார், இதை அழுத்திப் பாத்தீங்களா?”

“அதுக்குத்தாம்மா குழு போட்டிருக்கோம்.”

அவர் அழுத்தினார். ஒரு விரலால், ஒரே தடவை. இருபது நிமிடத்தில் கணினி பழையபடி எழுந்து உட்கார்ந்தது. பதிவுகளெல்லாம் அப்படியே இருந்தன. அவர் பிறந்த தேதியும் இருந்தது.

“பிரிண்ட் போடுங்க சார்” என்றார். அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பு. எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

அஞ்சுமணி அசையவில்லை. “அழுத்தச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. அதுலயே எழுதியிருக்கே.”

“அனுமதி இல்லாம எழுப்பின கம்ப்யூட்டர் இது. இதுலேருந்து சர்டிபிகேட் குடுத்தா நாளைக்கு நீங்க பிறந்ததே செல்லாதுன்னு யாராவது கேஸ் போடுவான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மீட்புக் குழு அந்த இடத்திலேயே விசாரணைக் குழுவாக மாறியது. வெள்ளிக்கிழமை முழுவதும் விசாரணை. எந்த விரல், எத்தனை முறை, அழுத்தியபோது வேறு பொத்தான்களுக்குத் தொந்தரவு ஏற்பட்டதா என்று ஒன்றுவிடாமல் கேட்டோம். நர்ஸம்மா பதில் சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரைக்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். ஐந்து மணிக்கு விளக்குகள் அணைந்தன.

சனிக்கிழமை காலை தீர்ப்பு வந்தது: அழுத்தியது குற்றம், ஆனால் கணினி எழுந்தது குழுவின் வெற்றி. சான்றிதழ் அச்சாகி வந்தது. ஒரு பிழை இல்லை, முத்திரைகூடக் கோணலில்லை.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். “நேத்து நாலு மணியோட முடிஞ்சுபோச்சு சார். வேற ஒருத்தரை எடுத்துட்டாங்க.”

“அதனாலென்னம்மா,” என்றார் அஞ்சுமணி, “பிறப்புச் சான்றிதழுக்குக் காலாவதியே கிடையாது. எப்ப வேணா வச்சுக்கலாம்.”

நர்ஸம்மா சான்றிதழை நாலாக மடித்துப் பையில் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்: “இத்தனை பேர் இருக்கீங்க. அந்த நாலு வரியைப் படிக்கத் தெரிஞ்ச ஆளு உங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூடவா இல்ல?”

எங்கள் அலுவலகத்தின் கல்வித் தகுதி மீது வீசப்பட்ட இந்த அவதூறை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கே அந்த நாலு வரியையும் நான் படித்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.