கிளறக் கிளற ரிஹர்சல்

ஒற்றை வார்த்தையை வீசி, ஒரே மதியத்தில் பன்னிரண்டு ஏக்கர் நிலத்தை இரண்டரை தடவை கிளறவைத்தவர் இங்கிலாந்து தேசத்திலேயே ஹம்ஃப்ரி டாகெட் ஒருவர்தான். அவர் கலப்பையைத் தொட்டே அறியாத, ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார்.

மணி மூன்று. ஏழு மணிக்கு நாடகம். ஊர் மன்றத்தில் எல்லோரும் வேஷத்தோடு நிற்க, நீதிபதியாக நடிக்கும் விவசாயி வால்டர் கிரிம்வேடை மட்டும் காணவில்லை. இந்த வருஷமும் நாடகம் சொதப்பினால், மன்றத்தைப் பந்துருட்டும் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவதாக ஊர்க் கமிட்டி மிரட்டியிருந்தது.

டாகெட் போன் செய்தார்.

"யோவ் வால்டர்! ரிஹர்சல் பண்ணணும்னு சொன்னேனே?"

"அதைத்தானே வாத்தியாரே பண்ணிக்கிட்டிருக்கேன்!" டிராக்டர் உறுமியது. "ரிஹர்சல்னா பழைய பிரெஞ்சுல, கிளறின நிலத்தை மறுபடி கிளறுறதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? பல்லுக் கலப்பையைப் பூட்டிட்டேன்."

டாகெட் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் முழங்கியவர் அவரேதான்.

"அது வேர்ச்சொல்லுய்யா! வசனத்தைச் சொல்லு. முதல்லேருந்து ஆரம்பி!"

போன் கட்டாகியது. கைதியாக நடிக்கும் ஐவி ஜன்னல் வழியே தூரத்து வயலை எட்டிப் பார்த்தாள்.

"சார், முதல் சாலிலேருந்து மறுபடி ஆரம்பிச்சிட்டாரு!"

டாகெட் காரை நேரே வயலுக்குள் விட்டார். பஞ்சாகக் கிளறிய மண். நாலு சக்கரமும் அச்சுவரை இறங்கின. வால்டர் அன்போடு சங்கிலி மாட்டி இழுத்தார். காரின் முன்பக்கம் மட்டும் கழன்று வந்தது.

"சவ வண்டியைச் சொல்ற 'ஹெர்ஸ்'ங்கிற வார்த்தையும் இதே கலப்பையிலேருந்துதான் வந்துச்சுன்னீங்களே," என்றார் வால்டர், காரைச் சுற்றிப் பார்த்தபடி. "ஒண்ணு வரவழைக்கட்டுமா?"

"மணி அஞ்சேமுக்கால்யா! உன் கால்ல விழறேன், வண்டியை நிறுத்து!"

"மூணாவது சுத்து பாதியிலதான் நிக்குது வாத்தியாரே. எதையும் அரைகுறையா விட்டா எனக்குத் தூக்கம் வராது."

டிராக்டர் மறு கோடியை நோக்கி ஓடியது, சற்று அவசரமாகவே. டாகெட் மண் படிந்த காலோடு சாலில் உட்கார்ந்தார். கண் முன்னால் பந்துகள் உருண்டன.

வால்டரின் மனைவி மேவிஸ் டீ ஃபிளாஸ்க்கோடு வரப்பில் வந்து நின்றாள்.

"அந்தப் பாடத்தை நான் எடுத்தே இருக்கக் கூடாதம்மா," என்று தேம்பினார் டாகெட். "ரிஹர்சலுக்கு என்ன அர்த்தம்னு பாவம், மனுஷனுக்குக் குழம்பிப்போச்சு!"

மேவிஸ் டிராக்டரைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அர்த்தமெல்லாம் அவருக்கு நல்லாத் தெரியும் வாத்தியாரே. வசனம்தான் ஒரு வரிகூடத் தெரியாது."