என் காலை இரைச்சல் என்று வடிகட்டிய மருமகனுக்கு

சுருளிப்பட்டி
14.8.2006

அன்புள்ள மருமகன் ஈஸ்வரபாண்டிக்குத் தாய்மாமன் சுருளிவேல் எழுதிக்கொள்வது. என் இடது கால் நீங்கலாக இங்கே அனைவரும் சௌக்கியம். அந்தக் கால் பற்றிய புகாரை உனக்கே எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் குற்றவாளி நீ.

திராட்சைப் பந்தலில் பத்துக் கல்தூண் தாண்டுவதற்குள் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதே என்று உன் அத்தையோடு தேனிக்குப் போனேன். டாக்டர் டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். மிஷினில் உன் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும், உள்ளே இருக்கும் புரோகிராம் என் மருமகன் எழுதியது என்று ஸ்கேன் எடுக்கும் பிள்ளை தேவயானியிடமும் வரிசையில் இருந்த பதினோரு பேரிடமும் சொல்லிவிட்டேன். வருகிற பஸ்ஸின் ஹாரன் ஒரு மாதிரியும் போகிற பஸ்ஸின் ஹாரன் வேறு மாதிரியும் கேட்பதுபோல, ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பும் சத்தத்தை வைத்து மிஷின் வேகத்தைக் கணக்குப் போடும் என்று நீ சொன்னதையும் விளக்கினேன். தொடையில் வைத்தபோது மருந்தடிக்கும் மோட்டார் போல சர்சர்ரென்று கேட்டது, பெருமையாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் சத்தத்தையே காணோம், திரை இருட்டு. அந்தப் பிள்ளை முகம் வெளுத்து, "அய்யா, கீழ ரத்தம் ஓடுற மாதிரியே தெரியலையே" என்றது. காலை எடுத்துவிடுவார்களோ என்று பயந்துவிட்டேன். செத்த காலோடு எப்படி பஸ் ஏறி வந்தேன் என்று சத்தம் போட்டுவிட்டு, மனசு ஆற வெளியே ரெண்டு நிமிஷம் நின்று வந்தேன். பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள்.

அப்புறம் டாக்டர் வந்து ஒரு குமிழைத் திருகினார். பால் பொங்குமுன் கேட்குமே, அப்படி மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. என் ரத்தம்! ரத்தக்குழாய்ச் சுவர் அதிர்வதை இரைச்சல் என்று கழிக்க ஒரு பில்டர் இருக்கிறதாம், அதன் அளவு கூடிப்போனதால் மெதுவாக ஓடும் ரத்தமும் சேர்ந்து கழிந்துவிட்டதாம். அந்த அளவை வைத்தது யார்? நீ. ஏலே, நம்ம வாய்க்கால்ல கடைசி வயலுக்குத் தண்ணி ஊர்ந்துதான வரும்? வரலைன்னு எவனாச்சும் எழுதினா மம்பட்டி பறக்காதா? உன் காலேஜில் இதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லையா? டாக்டர் அதற்குமேல் ஏதேதோ சொன்னார், எல்லாம் வழக்கமாகச் சொல்வதுதான், அது கிடக்கட்டும்.

பில்டரைத் திருத்தாமல் இந்தப் பக்கம் வராதே. உன் பிள்ளைக்கு என் முத்தம். சுருளி வேலப்பர் உன்னையும் உன் புரோகிராமையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உயிருள்ள இரண்டு கால்களுடன்,
சுருளிவேல்

பி.கு.: மாப்ள, நான் அத்தை ஜோதிலட்சுமி. கவர ஒட்டச் சொல்லிட்டு மாமா தோட்டத்துக்குப் போயிட்டாக. வெளிய நின்ன ரெண்டு நிமிஷம் பீடி. பீடியாலதான் குழாய் சுருங்கி ரத்தம் மெதுவாப் போகுதாம், இன்னமும் குடிச்சா கால எடுக்க வேண்டியதுதான்னு டாக்டர் சொன்னாக. அப்ப மாமா ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தாக. உன் மிஷின் ரத்தத்த விட்டுச்சு, இவுக டாக்டர் சொன்னத விட்டுட்டாக. மிஷினுக்காவது திருகறதுக்குக் குமிழ் இருக்கு. நீ சொன்னாத்தான் இவுக கேப்பாக. வராதேன்னு எழுதியிருக்கத அடிச்சுட்டு நாளைக்கே கிளம்பி வா. அந்தக் கால் எனக்கு வேணும்யா.