ரெடி வேற, பிரிப்பேர்டு வேற

பம்பாய்க்கு வந்த தமிழர்களில் இங்கிலீஷைப் பேசிப் பிழைத்தவர்கள் உண்டு. பேசாமலே பிழைத்தவர்களும் உண்டு. இங்கிலீஷால் தினமும் ரயிலைத் தவறவிட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் அறையில் இருந்தார்.

அறுபதுகளின் நடுவில் செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நான், தங்கையா, துரைராஜ், அவர் என்று நான்கு பேர் ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். நால்வரும் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது எங்களுக்கு மறந்து வெகுநாளாகியிருந்தது. எதைச் சொன்னாலும் "அது வேற, இது வேற" என்று ஆரம்பிப்பார். ஆகவே அவர் பெயர் அதுவேற. வடக்கத்திப் பால்காரன்கூட "அதுவேற சாப், தூத்!" என்றுதான் குரல் கொடுப்பான்.

கோட்டைப் பகுதியில் பம்பு செட் விற்கும் ஒரு கம்பெனியில் அவருக்குக் கடிதம் எழுதும் வேலை. எழுதி எழுதி, இங்கிலீஷில் ஒரே அர்த்தமுள்ள இரண்டு சொற்கள் கிடையவே கிடையாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். மற்ற சொற்களிலாவது கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். 'தயார்' என்று பொருள்படும் சொற்களில் மட்டும் ஓர் அங்குலம் நகரமாட்டார்.

"ஓய், ரெடியா?" என்று வாசலில் நின்று கத்துவேன்.

"பிரிப்பேர்டு."

"வண்டி வந்துட்டு வேய்! ரெடியா இல்லையா?"

"அது வேற, இது வேற. குளிச்சாச்சு, சட்டை போட்டாச்சு, டிபன் கட்டியாச்சு. அதனால பிரிப்பேர்டு. இந்தச் செகண்டே காலை வெளிய வைன்னு மனசு சொல்லணும். அப்பத்தான் ரெடி."

"மனசு எப்ப சொல்லும்?"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

வண்டி போய்விடும். ஒருநாள் தங்கையா தந்திரமாக, "சரி, ஆல் செட்டா?" என்று கேட்டுப் பார்த்தான். "செட் பண்ண நான் என்ன அலாரம் கடிகாரமா?" என்றார். அன்று அடுத்த வண்டியும் போயிற்று.

ஆபீசிலும் இதே கதைதான். உடைந்துபோன பம்பு ஒன்றை மாற்றிக் கொடுக்க 'வி ஆர் ரெடி' என்று மானேஜர் சொல்ல, இவர் 'வி ஆர் பிரிப்பேர்டு' என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினார்.

"அரே பாபா, ஃபரக் க்யா ஹை?" என்று, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு, மானேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

இவர் நிதானமாக விளக்கினார். ரெடி என்றால் ஆசையோடு மாற்றித் தருகிறோம் என்று அர்த்தம். பிரிப்பேர்டு என்றால் வேறு வழியில்லாமல், மனதைத் தேற்றிக்கொண்டு தருகிறோம் என்று அர்த்தம். நம் நிலைமை இரண்டில் எது சார்?

மானேஜர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பம்பு வாங்கியவருக்கு அந்த வித்தியாசம் புரிந்ததாகத் தகவல் இல்லை.

மழைக்காலத்தில் அவரைப் பார்க்க வேண்டும். குடை, மழைக்கோட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றிய மாற்று வேட்டி, ரப்பர் செருப்பு, சளிக்குத் தைலம் என்று ஒரு மளிகைக் கடையே பையில் இருக்கும். ஒருமுறை சுன்னாபட்டி பக்கத்தில் தண்டவாளம் முழுகி வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் தொடையளவு தண்ணீரில் குதித்து நடந்தோம். அதுவேற மட்டும் ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இறங்கும் வேய்! உம்மகிட்ட இல்லாததா? எல்லாம் வச்சிருக்கீரே!"

"வச்சிருக்கேன். ஆனா இறங்க இன்னும் ரெடியாகல."

நாங்கள் நனைந்து, துரைராஜ் ஒரு செருப்பையும் தொலைத்து, அறைக்கு வந்து சேர்ந்தோம். தண்ணீர் வடிந்து வண்டி கிளம்பியதும் அவர் வந்தார். உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எங்கள் மூவருக்கும் தைலம் தேய்த்துவிட்டதும் அவர்தான்.

எங்களுக்குப் புரியாத ஒரு விஷயம் இருந்தது. மாதம் தவறாமல் எதையாவது வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். முதலில் ஸ்டவ். அப்புறம் இட்லிக் கொப்பரை. பிறகு ஜன்னல் திரைச்சீலை, எங்கள் அறைக்கு ஜன்னலே இல்லாதபோது. அவர் கட்டிலடி நிறைந்து எங்கள் கட்டிலடியும் நிறைந்து, மீதி கால்மாட்டில் ஏறியது. கால் நீட்டினால் அண்டா இடித்தது. கேட்டால், "பிரிப்பரேஷன்" என்பார்.

அவருக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. இரண்டு இடங்கள், இரண்டும் நல்ல இடங்கள், "தம்பி ரெடியா?" என்று கேட்டு, இவர் சொன்ன பதிலில் ஓடிப்போயின. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவதாகக் கல்யாண் ஊரில் ஓர் இடம் வந்தபோது ஊரிலிருந்து அவர் அம்மா எங்களுக்கே எழுதிவிட்டார்கள்: எப்படியாவது அவனைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்ணின் அப்பா ரயில்வே கார்டு. பெண் கிரேஸ், காட்கோபரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண் பார்க்க நால்வரும் போகிற வழியெல்லாம் தங்கையா கெஞ்சிக்கொண்டே வந்தான். "ஓய், ரெடின்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டு முறுக்கைக் கடியும்."

முறுக்கு வந்தது. டீ வந்தது. கார்டு ஐயா மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, ஆர் யூ ரெடி ஃபார் மேரேஜ்?"

"பிரிப்பேர்டு ஐயா. ரெடின்னு சொல்ல முடியாது."

துரைராஜ் கண்ணை மூடிக்கொண்டான். கார்டு ஐயா எழுந்து நின்றுவிட்டார்.

"நான் காலமெல்லாம் கொடி காட்டுதவன் தம்பி. வண்டி பிரிப்பேர்டுன்னு சொல்லி எவனும் பச்சைக்கொடி காட்டுனதில்ல. ரெடின்னாத்தான் கொடி. இல்லைன்னா வண்டியை ஷெட்டுக்குக் கொண்டு போவேண்டியதுதான்!"

நாங்கள் செருப்பைத் தேடத் தொடங்கினோம். அப்போது உள்ளேயிருந்து பெண் வந்து கதவோரம் நின்றாள்.

"அப்பா, கொஞ்சம் இருங்க. இவிய எதுக்கு பிரிப்பேர்டு, எதுக்கு ரெடி இல்லன்னு கேட்டுக்கிடுதேன்."

அவரிடம் இந்தக் கேள்வியைப் பரிகாசமில்லாமல் கேட்ட முதல் ஆள் அவள்தான். அதுவேற கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"ஸ்டவ், அண்டா, திரைச்சீலை எல்லாம் வாங்கி வச்சிருக்கேன். வரப்போறது யாருன்னு தெரியாமலே வாங்கலாம். அது பிரிப்பேர்டு. ஆனா ரெடிங்கிறது ஒரு ஆளைப் பாத்துத்தான் வரும். உங்களைப் பாக்கதுக்கு முந்தி ஐயா கேட்டாவ. ரெடின்னு சொல்லியிருந்தா அது பொய்."

தங்கையாவின் வாயில் இருந்த முறுக்குகூட நொறுங்காமல் நின்றது.

கிரேஸ் யோசித்துச் சொன்னாள். "எங்க தியேட்டர்லயும் இப்படித்தான். ஆப்பரேஷனுக்கு பேஷண்டை நாங்க பிரிப்பேர் பண்ணுவோம். டாக்டர் ரெடியா நிப்பாரு. வில்லிங்கா மட்டும் ஒருத்தனும் வந்து படுத்ததில்ல."

அதுவேற சிரித்தார். நாங்கள் அவர் சிரித்துப் பார்த்ததே அன்றுதான்.

கார்டு ஐயா பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "நீ வில்லிங்காம்மா?"

"இதை இப்பத்தான் கேக்கீங்க," என்றாள் கிரேஸ். பிறகு இவரிடம், "வர்ற ஞாயித்துக்கெழம டூட்டி முடியுத நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வாங்க. ஒண்ணும் பிரிப்பேர் பண்ணாம வாங்க. அப்புறம் சொல்லுதேன்."

அந்த ஞாயிறு துணைக்குப் போக துரைராஜ் சட்டையை மாட்டுவதற்குள் அதுவேற தெருவில் நின்றார். கையில் பை இல்லை. குடை இல்லை. சட்டைக் கைப் பொத்தான்கூடப் போடவில்லை.

"என்ன வேய், வானம் கறுத்துக் கெடக்கு, குடை?"

"ரெடி," என்றார், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சாயந்திரம் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வந்தார்.

"என்ன சொன்னா?"

"வில்லிங்காம்."

"நீரு என்ன சொன்னீரு?"

அதுவேற வாயைத் திறந்தார். எந்தச் சொல்லும் பொருந்தவில்லை போலிருக்கிறது, திரும்ப மூடிக்கொண்டார். அவருக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். இந்தத் தடவை தைலம் தேய்த்துவிட்டது நாங்கள்.

டிசம்பரில் கல்யாணம் நடந்தது. காட்கோபரில் இரண்டு ஜன்னல் வைத்த வீடாகப் பார்த்துக் குடிபோனார்கள். அண்டா, கொப்பரை, ஸ்டவ் எல்லாவற்றையும் நாங்களே கைவண்டியில் ஏற்றிவிட்டோம். அறை மைதானம்போல ஆகிவிட்டது. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, எதிலும் இடிக்காமல், மூன்று பேரும் ஆசை தீரக் காலை நீட்டிப் படுத்தோம்.

தூக்கம் வரவில்லை. பிறகு தங்கையா எழுந்து சட்டையை மாட்டினான். நானும் மாட்டினேன். துரைராஜ் முன்னாலேயே வாசலில் நின்றான். எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே காட்கோபர் பஸ்ஸைப் பிடித்தோம்.